மதியம் இரண்டு மணிக்கு நூலகத்தைத் திறந்து வையுங்கள்: பொது நூலக இயக்ககத்துக்கு ஒரு காதல் நாவல் வாசகியின் திறந்த மடல்

தமிழ்நாடு பொது நூலக இயக்ககத்துக்கும், மாவட்ட நூலக அலுவலர்களுக்கும், ஊர் ஊராக வாசகர் வட்டம் நடத்துகிறவர்களுக்கும் வணக்கம்.

வாசகர் வட்டக் கூட்டத்துக்கு ஆள் சேரவில்லை, பெண்கள் வருவதே இல்லை, எல்லாரும் செல்போனே கதி என்று கிடக்கிறார்கள் என்ற வருத்தம் உங்களிடம் உண்டு. காதுபடக் கேட்டிருக்கிறேன். பாதி சரிதான், செல்போனும் கையுமாகத்தான் இருக்கிறோம். அதில் என்ன செய்கிறோம் என்று யாரும் கேட்காததால் நானே சொல்லிவிடுகிறேன்: நாவல் படிக்கிறோம். குடும்ப நாவல், காதல் நாவல். இணையத்தில் வாரத்துக்கு இரண்டு மூன்று அத்தியாயமாகத் தொடராக வருவது. படித்த கையோடு அதைப் பற்றிப் பேசுகிறோம், சண்டை போடுகிறோம், பிழை திருத்துகிறோம், பட்டியல் போடுகிறோம், திருட்டுப் பிரதி வந்தால் துரத்துகிறோம். நீங்கள் சுற்றறிக்கை அனுப்பி நடத்தப் பார்க்கிற காரியம் எங்களிடம் தானாக நடந்துகொண்டிருக்கிறது. இந்த வாசகிகளை உங்கள் கட்டடத்துக்குள் எப்படி வரவழைக்கலாம் என்று சொல்லத்தான் இந்த மடல்.

தெரியாதவர்களுக்காக, இது நடக்கும் விதம். எழுதுகிறவர் தளத்தில் ஒரு கதைத் திரி தொடங்குவார், அத்தியாயங்கள் வரிசையாக வரும் பக்கம் அது. பக்கத்திலேயே வாசகிகள் பேச ஒரு கருத்துத் திரி. திங்கள், வியாழன் என்று கிழமை சொல்லி எபி (எபிசோடு, அதாவது அத்தியாயம்) போடுவார். முந்தின நாள் இரவே நாலு வரி டீசர் வந்துவிடும். எபி வந்த சற்று நேரத்தில் கருத்துத் திரியில் கூட்டம் கூடிவிடும். "சிஸ், அந்த மாமியாரைக் கொஞ்ச நாளைக்கு ஊருக்கு அனுப்பி வைங்க." "ரைட்டர் ஜி, போன எபியில் நாயகி நான்கு மாதக் கர்ப்பம், இந்த எபியில் ஐந்து நாள் கழித்து வளைகாப்பா?" இப்படிக் கணக்குக் கேட்பவர்கள் எல்லாக் கதைக்கும் உண்டு. எழுதுகிறவர் ஓடிப்போய்த் திருத்துவார். தஞ்சாவூரில் மதியப் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு ஒருத்தி படிப்பாள். டொராண்டோவில் இரவு வேலை முடித்து வந்த ஈழத்து அக்கா அதே எபியை அதே நேரத்தில் படிப்பார். யாழ்ப்பாணப் பேச்சில் வரும் கதைகளுக்குத் தமிழ்நாட்டு வாசகிகள் பழகிவிட்டார்கள். அவரவர் ஊர்ப் பேச்சில் கருத்துப் போட்டு, புரியாததைக் கேட்டுத் தெரிந்துகொள்கிறார்கள். சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா எல்லாம் அந்த ஒரே திரியில்.

இது பெரிய நிறுவனம் கட்டிய ஏற்பாடு அல்ல. 2014இல் பெங்களூரில் பிரதிலிபி என்ற கதைத் தளம் தொடங்கியது, 2016 கடைசியில் கிண்டிலில் தமிழ் மின்னூல்கள் வந்தன, அதே ஆண்டு ஜியோ வந்து இணையச் செலவு குறைந்தது. இவையெல்லாம் கூட்டத்தைப் பெருக்கின. ஆனால் அதற்கு முன்பே பெண்கள் தாங்களாகவே தளம் வைத்து, எ-கலப்பை என்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருளில் தட்டிப் பழகி, ஒருவருக்கொருவர் தட்டச்சு சொல்லிக்கொடுத்து ஆரம்பித்த வேலை இது. இன்றும் பல தளங்களை எழுதுகிறவர்களே நடத்துகிறார்கள்.

இதில் நூலகர்கள் அவசியம் பார்க்க வேண்டிய ஒன்று இருக்கிறது. எங்கள் குழுக்களில் தினமும் வரும் ஒருவகைப் பதிவு அது. "கதை பெயர் தெரியலை, ஆசிரியர் பெயரும் ஞாபகம் இல்லை. நாயகி கல்யாண மண்டபத்திலிருந்து ஓடிப்போய் ஒரு லாரியில் ஏறுவாள். நாயகனுக்குப் பேசாத பெண் குழந்தை ஒன்று இருக்கும். ஊட்டி எஸ்டேட். யாருக்காவது தெரியுமா தோழிகளே?" இவ்வளவுதான் தகவல். அடுப்பில் பால் பொங்குவதற்குள் பதில் வந்துவிடும். பெயர், எழுதியவர், இப்போது எங்கே கிடைக்கிறது, புத்தகமாக வந்ததா, வந்திருந்தால் எந்தப் பதிப்பகம் என்று எல்லாம் வரும். சில சமயம் இரண்டு பேர் இரண்டு கதையைச் சொல்வார்கள். அப்புறம் லாரியா டெம்போவா என்று விசாரணை நடக்கும். சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் நூலக அறிவியலின் ஐந்து விதிகளை வெளியிட்டார். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர், வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்று அதில் வரும். அந்த மூன்றையும் விதி என்று தெரியாமலே இந்தப் பெண்கள் நிறைவேற்றிக்கொண்டிருக்கிறார்கள். சம்பளம் கிடையாது. "நன்றி சிஸ்" என்று ஒரு இதயப் படம் கிடைக்கும், அவ்வளவுதான்.

பட்டியலும் அப்படித்தான். நூலக அலமாரியில் 'நாவல்' என்று ஒரே பலகை. எங்களிடம் மறுமணக் கதைகள், கூட்டுக்குடும்பக் கதைகள், கட்டாயக் கல்யாணக் கதைகள், போலீஸ் நாயகன், டாக்டர் நாயகி, அத்தை மகன் மாமன் மகள், குழந்தையில்லாத தம்பதி, ஆன்ட்டி ஹீரோ, 'அழவைக்காத கதை' என்று தனித்தனியாக உண்டு. பிரசவத்துக்குத் தாய் வீடு வந்த பெண் "அழுகை வேண்டாம், மாமியார் நல்லவளாக இருக்கும் கதை சொல்லுங்க" என்று கேட்டால் இருபது பெயர் வரும். குழந்தையை இழந்த ஒருத்தி வந்து கேட்டால், குழந்தை வருகிற கதைகளை விலக்கிவிட்டுப் பட்டியல் தருவார்கள். யாரும் காரணம் கேட்க மாட்டார்கள்.

போட்டிக் கதைகள் நடக்கும்போது நீங்கள் ஒருமுறை வந்து பார்க்க வேண்டும். எழுதுகிறவர் பெயரை மறைத்து எண் மட்டும் கொடுப்பார்கள். புதிதாக எழுதுகிறவரும் பழம் தின்று கொட்டை போட்டவரும் ஒரே வரிசையில். யார் எந்த எண் என்று வாசகிகள் கண்டுபிடிக்க வேண்டும். "ஏழாம் நம்பர் அவங்கதான். 'ம்க்கும்' என்று நாயகி இத்தனை தடவை நொடிப்பது வேறு யார் கதையில் வரும்?" "இல்லை, அவங்க சாப்பாட்டை விவரிக்காமல் மூன்று எபி தாண்ட மாட்டாங்க." வாக்கியத்தின் நீளம், முற்றுப்புள்ளிக்குப் பதில் மூன்று புள்ளி வைக்கும் பழக்கம், வட்டார வழக்கு என்று பிரித்து மேய்வார்கள். கல்லூரியில் நடையியல் என்று நடத்துவது இதைத்தான். ஆண்டுக்கணக்கில் கருத்து மட்டும் போட்டுக்கொண்டிருந்தவள் ஒரு நாள் எண் வாங்கிக்கொண்டு எழுத வந்துவிடுகிறாள் என்பதும் இந்தப் போட்டிகளில்தான் நடக்கிறது. இன்று எழுதுகிறவர்களில் நிறையப் பேர் நேற்று வரைக்கும் வாசகி.

புனைபெயரும் முக்கியம். இந்தப் பெண்களில் பலர் படிப்பதே வீட்டில் தெரியாது, எழுதுவது சுத்தமாகத் தெரியாது. பெயரில்லாமல் பேச முடிகிறது என்பதால்தான் பேசுகிறார்கள். ஆண்களும் இருக்கிறார்கள் என்பதை இங்கே ரகசியமாகச் சொல்லி வைக்கிறேன். பெரும்பாலும் சைலண்ட் ரீடர். இறுதி எபிக்கு மட்டும் "அருமையான படைப்பு சகோதரி" என்று ஒரு வரி போட்டுவிட்டு மறைந்துவிடுவார்கள்.

அமெரிக்காவில் ஜானிஸ் ராட்வே என்ற ஆய்வாளர் 1984இல் காதல் நாவல் படிக்கும் பெண்களைப் பற்றி ஒரு ஆய்வை வெளியிட்டார். ஒரு நகரத்துப் புத்தகக் கடையில் வேலை பார்த்த ஒரு பெண். எந்தப் புது நாவலை வாங்கலாம், எதை விட்டுவிடலாம் என்று அவர் மடல் எழுதி அனுப்புவார். அவரை நம்பிப் படிக்கும் பெண்கள் ஒரு வட்டம். கதையில் என்ன இருக்கிறது என்பது ஒரு பக்கம் இருக்க, படிக்கும் நேரம் தங்களுக்கே தங்களுக்கான நேரம் என்று அந்தப் பெண்கள் சொன்னதை ராட்வே எழுதினார். இதைப் படித்தபோது எனக்கு ஆச்சரியமே வரவில்லை. நம் ஊரில் ரமணிசந்திரன் நாவலை மாத நாவலாக வாங்கி, ஒரு தெரு முழுக்கச் சுற்றவிட்டு, அட்டை பிய்ந்து திரும்பி வாங்கிய பெண்களின் பிள்ளைகள் நாங்கள்.

இன்னும் முன்னால் போனால் வை.மு. கோதைநாயகி இருக்கிறார். எழுதப் பழகாத காலத்தில் தோழி பட்டம்மாளிடம் சொல்லி எழுதவைத்து முதல் நாடகத்தை உருவாக்கியவர். 1925இல் 'ஜகன்மோகினி' இதழைக் கையில் எடுத்து, தொடர்கதைகளால் அதைத் தூக்கி நிறுத்தினார். நூற்றுக்கும் மேற்பட்ட நாவல்கள் எழுதினார். நாவல் படித்தால் பெண்கள் கெட்டுப்போவார்கள் என்று பத்திரிகைகளில் கட்டுரை வந்துகொண்டிருந்த காலம் அது. ஒருத்தி சொல்ல ஒருத்தி எழுத ஆரம்பித்த அந்த வழிதான் இன்று கதைத் திரி, கருத்துத் திரி என்று ஓடுகிறது. அப்புறம் வாராந்தரப் பத்திரிகைத் தொடர்களைக் கிழித்து, வாரம் மாறாமல் அடுக்கி, பைண்டு செய்து வைத்த குடும்பங்கள். அந்த பைண்டு புத்தகங்கள் இன்று பழைய புத்தகக் கடையில் என்ன விலைக்குப் போகின்றன என்று உங்களுக்குத் தெரியாததல்ல.

சரி, தரம் என்ன என்று கேட்பீர்கள். இங்கே நான் வக்கீல் வேலை பார்க்கப் போவதில்லை. மோசமான கதைகள் உண்டு, ஏராளமாக உண்டு. நாயகியை அறைந்துவிட்டு அடுத்த எபியில் மல்லிகைப்பூ வாங்கி வரும் நாயகர்கள் உண்டு. கட்டாயத் தாலி, பூட்டிய அறை, பழிவாங்கக் கல்யாணம் எல்லாம் ஒரு தனி வகையாகவே ஓடுகிறது. எனக்கு அது பிடிக்காது, படிப்பதில்லை. நாயகன் எப்போதும் பெரிய வீட்டுப் பையன், ஊரே கும்பிடும் குடும்பம். சாதிப் பெயர் எங்கேயும் வராது, ஆனால் எல்லாருக்கும் தெரியும். இதையும் நாங்கள் மறைக்கவில்லை. ஆனால் இதைப் பற்றிய மிகக் காரமான விமர்சனத்தை எங்கே படித்தேன் தெரியுமா? இலக்கியப் பத்திரிகையில் இல்லை, கருத்துத் திரியில். "என் வீட்டில் இப்படி ஒருத்தன் இருந்தான், அவன் திருந்தவில்லை, உங்கள் நாயகன் மட்டும் எப்படி மூன்றே எபியில் திருந்துகிறான்?" என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். அதற்குக் கீழே அன்று முழுக்கச் சண்டை. கதை கதைதானே, அதில் என்ன ஆராய்ச்சி என்று ஒரு கட்சி. எழுதியவருக்குக் கோபம் வந்தது, அழுகை வந்தது, ஒரு வாரம் எபி வரவில்லை. அப்புறம் வந்த எபியில் நாயகி தன் வேலைக்குத் திரும்பிப் போனாள். நாயகன் அவள் அலுவலக வாசலில் பல எபிகள் காத்துக் கிடந்தான். கதை அவ்வளவு நல்ல கதையாக ஆகிவிடவில்லை. ஆனாலும் எழுதுகிறவரும் படிக்கிறவரும் நேருக்கு நேர் மோதி ஒரு நாவலின் போக்கு மாறுவதை வேறு எங்கே பார்க்க முடியும், சொல்லுங்கள்.

அந்தச் சண்டை இப்போது கிடைக்காது. என் பெரிய கவலை இதுதான். கதை முடிந்ததும் சில நாள் விட்டுவிட்டு எழுதுகிறவர் லிங்கை எடுத்துவிடுவார். மின்னூலாகப் போடவோ, சிறு பதிப்பகத்துக்குக் கொடுக்கவோ அப்படிச் செய்துதான் ஆக வேண்டும். வருமானம் அவர் உரிமை. அதோடு டெலிகிராம் திருட்டு பிடிஎஃப் தொல்லை வேறு. லிங்க் இருக்கும்போதே ஒருத்தன் மொத்தக் கதையையும் பிடிஎஃப் ஆக்கிவிடுவான். அதை முதலில் கண்டுபிடித்து எழுதியவருக்குச் சொல்வதும், கூட்டமாகப் புகார் கொடுத்து அந்தச் சேனலை மூடவைப்பதும் வாசகிகள்தான். ஆனால் லிங்க் போகும்போது கருத்துத் திரியும் சேர்ந்து போய்விடுகிறது. தளம் நடத்தியவர் சர்வர் கட்டணம் கட்ட முடியாமல் மூடினால் மொத்தமும் போய்விடும். ரீரன் என்று கதை மறுபடி வரலாம். பேச்சு வராது.

1954ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்தியாவில் அச்சாகும் நூலில் ஒரு பிரதி சென்னைக் கன்னிமாரா நூலகத்துக்கு வந்து சேர வேண்டும். அந்த ஏற்பாடு அச்சுக் காலத்தில் போட்டது. இணையத்தில் மட்டும் வாழ்ந்து மறையும் நாவலுக்கு அதில் இடமில்லை. கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் ஊர் ஊராக அலைந்து புத்தகம், இதழோடு நாடக நோட்டீஸையும் கல்யாணப் பத்திரிகையையும் சேர்த்தபோது பழைய காகிதம் பொறுக்குகிறார் என்றுதான் பலர் நினைத்திருப்பார்கள். அவர் சேகரிப்பிலிருந்து 1994இல் ஒரு ஆராய்ச்சி நூலகம் பிறந்தது. உலகம் முழுக்க இருந்து ஆய்வாளர்கள் வருகிறார்கள். ஈழத்தில் நூலகம் நிறுவனம் 2005 முதல் துண்டுப் பிரசுரம், பள்ளி மலர் வரை மின்வடிவில் சேர்க்கிறது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் அரசிடமே இருக்கிறது. ஆக, எப்படிச் செய்வது என்று தெரியாத வேலை இல்லை. எழுதியவரின் சம்மதத்தோடு, வேண்டுமானால் பத்து வருடம் கழித்துத்தான் திறக்கலாம் என்ற நிபந்தனையோடு, வாசகிகளின் புனைபெயரைக்கூட மறைத்து, சில நூறு கதைத் திரிகளையும் கருத்துத் திரிகளையும் வாங்கி வையுங்கள். 2010களில் தமிழ்ப் பெண்கள் கல்யாணத்தைப் பற்றி என்ன நினைத்தார்கள் என்று பின்னால் யாராவது ஆராய்ச்சி செய்ய வந்தால், கதையைவிட அதற்குக் கீழே நடந்த பேச்சு அதிகம் சொல்லும்.

அடுத்தது நூலகக் கட்டடம். 1948இல் பொது நூலகச் சட்டம் வந்ததிலிருந்து நூலகம் எங்கள் வரிப்பணத்தில் நடக்கிறது. வீட்டு வரி ரசீதைப் பார்த்தால் நூலக வரி தனியாக இருக்கும். ஆனால் எங்கள் ஊர்க் கிளை நூலகம் மதியம் பூட்டியிருக்கிறது. காலையில் திறந்திருக்கும்போது நாங்கள் அடுப்படியில். மாலையில் திறக்கும்போது பிள்ளைகள் வந்துவிடுவார்கள். சாப்பாடு முடிந்து பள்ளி வேன் வருவதற்கு முன்னால், இரண்டு மணியிலிருந்து நான்கு மணிவரை இருக்கிற நேரம்தான் எங்களுடையது. கருத்துத் திரியில் கூட்டம் நிரம்புவதும் அப்போதுதான். வாரத்தில் ஒரே ஒரு நாள் அந்த இரண்டு மணி நேரம் திறந்து வையுங்கள். நூலகருக்குக் கூடுதல் வேலை என்றால் சங்கடம்தான், அவர்களே ஆள் பற்றாக்குறையில் திண்டாடுகிறார்கள் என்று தெரியும். 2022இல் வந்த நூலக நண்பர்கள் திட்டத்தில் தன்னார்வலர்கள் வீட்டுக்கே புத்தகம் கொண்டுபோகிறார்கள் அல்லவா, அதேபோல் எங்களில் இருவரைத் தன்னார்வலராகப் பதிந்துகொண்டு சாவியைக் கொடுங்கள். புத்தகம் தொலைந்தால் எங்களைக் கேளுங்கள்.

அந்த நேரத்துக்குச் சிறப்புப் பேச்சாளர் வேண்டாம். பொன்னாடை வேண்டாம். பெண்களுக்கு உகந்த நூல்கள் என்று சமையல் குறிப்பையும் கோலப் புத்தகத்தையும் மேஜையில் பரப்பி வைக்கவும் வேண்டாம். வருகைப் பதிவேட்டில் புனைபெயர் எழுதினால் ஏற்றுக்கொள்ளுங்கள். 'தென்றல்' என்றும் 'மழைத்துளி' என்றும் கையெழுத்து இருந்தால் தணிக்கையில் கேள்வி வரும் என்றால் சொல்லுங்கள், வேறு வழி யோசிக்கலாம்.

நாவல் அலமாரியை வகை பிரித்துத் தர ஒரு குழுவே தயாராக இருக்கிறது. நூலக ஆணையில் இந்த வகை நாவல்களை வாங்கும்போது யாரிடமாவது கேட்டு வாங்குங்கள் என்றும் சொல்ல ஆசை. ஒரே எழுத்தாளரின் ஒரே கதை இரண்டு தலைப்பில் இரண்டு பிரதியாக வந்து உட்கார்ந்திருப்பதை நான் பார்த்திருக்கிறேன். எங்களிடம் பட்டியலைக் காட்டியிருந்தால் முதல் பார்வையிலேயே சொல்லியிருப்போம்.

முதலில் ஒரு மாவட்டத்தில், ஒரு கிளையில் மட்டும் செய்து பார்த்தாலும் போதும். கிழமையை நீங்கள் சொல்லுங்கள். தகவலைக் குழுக்களில் போடுவதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். எபி வராத நாளாக இருந்தால் நல்லது.

இப்படிக்கு,
தஞ்சாவூர் மாவட்டத்திலிருந்து ஒரு வாசகி

பின்குறிப்பு: உங்கள் நூலகங்களில் குடும்ப நாவல்கள் பலவற்றுக்குக் கடைசி நாலைந்து பக்கம் இல்லை. யார் கிழித்தார்கள் என்று கேட்கவில்லை. கதை எப்படி முடிந்தது என்று குழுவில் விசாரித்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது, அதிலும் இருவர் இரண்டு முடிவு சொல்கிறார்கள். அடுத்த கொள்முதலில் அந்தப் பிரதிகளை மட்டுமாவது மாற்றிவிடுங்கள்.